பசியடக்கும் மூளை: புற்றுநோயில் அழற்சியின் ஆட்சி

உடலின் ஆற்றல் வரவு அதன் செலவினும் குறையுங்கால், அக்குறையை மூளை அறிந்து, உணவைத் தேடவும் தேடியதை விரும்பி உண்ணவும் உடலை ஏவுகின்ற உள்தூண்டலே பசி. வயிற்றின் வெறுமை அத்தூண்டலுக்கு ஒரு சான்று மட்டுமே. இரைப்பையை முற்றும் அறுத்து நீக்கப்பெற்றவரும் உணவை விரும்பும் உணர்வை அடியோடு இழந்துவிடுவதில்லை. ஆகவே பேச்சுவழக்கில் பசியை வயிற்றுக்கு உரியதாகச் சொன்னாலும், அறிவியல் வழக்கில் அதன் அரசிருக்கை மூளையே. இவ்வொரு செய்தியை உறுதியாகப் பற்றிக்கொண்டால், புற்றுநோய் கொண்டவர் சோற்றைக் கண்டதும் முகம் திருப்புவது ஏன் என்று வீட்டாரும் மருத்துவரும் நெடுங்காலம் கேட்டு வந்த வினாவுக்கு விடை தேட வேண்டிய இடம் எதுவெனத் தெளிவாகும்.

உண்ணாமையும் அதன் விளைவும் ஒரே தன்மையன அல்ல. உணவு கிடைக்காமையால் உண்ணாதிருத்தல் பட்டினி. அங்குப் பசி உண்டு, உணவு இல்லை. உணவு முன்னிருந்தும் விருப்பம் எழாமையால் உண்ணாதிருத்தல் பசியின்மை. அங்கு உணவு உண்டு, பசி இல்லை. இவ்விரண்டினும் வேறாய், ஊட்டினாலும் ஊட்டாவிட்டாலும் தசை கரைந்துகொண்டே செல்லும் நிலை ஒன்றுண்டு. கேக்கெக்சியா என மருத்துவ நூல்கள் வழங்கும் அதனை இங்கு மெய்ந்நலிவு என்போம். 2011-ஆம் ஆண்டில் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று இதற்கு வரையறை கண்டது. கொழுப்பு குறைந்தாலும் குறையாவிட்டாலும் எலும்பைப் பற்றிய தசை இடையறாது குறைந்து வருதலும், வழக்கமான உணவூட்டத்தால் அக்குறை முழுதும் மீளாமையும் அவ்வரையறையின் உயிர்க்கூறுகள். பட்டினி இல்லாத நிலையிலும் 6 திங்களுக்குள் உடலெடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைதல் அதன் முதன்மை அடையாளம்.

பட்டினி கிடக்கும் உடல் சிக்கனமாக ஒழுகும். செலவைச் சுருக்கும், கொழுப்பை முதலில் எரிக்கும், தசையை இயன்றவரை காக்கும், உணவு கிடைத்தவுடன் இழந்ததை மீட்கும். மெய்ந்நலிவில் இவ்வொழுங்கு முழுதும் குலைந்துவிடுகிறது. ஓய்ந்து படுத்திருக்கையிலும் செலவு குறைவதில்லை, தசையும் கொழுப்பும் ஒருங்கே கரைகின்றன, கொடுத்த உணவு தசையாக மாறுவதில்லை. கணையம், இரைப்பை, நுரையீரல் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்களில் இது மிகுதி. புற்றுநோய் இறப்புகளில் ஐந்தில் ஒரு கூறு வரை இந்நலிவால் நேர்வன என்பது மருத்துவ நூல்களில் நெடுநாளாக வழங்கிவரும் மதிப்பீடு.

இங்கு ஆளப்படும் சொற்களைப் பற்றி ஒரு சொல். மூளையியலும் நோயெதிர்ப்பியலும் கூடுமிடத்தில் கடந்த முப்பது ஆண்டுகளில் பிறந்த பொருள்களே இக்கட்டுரையில் பெரிதும் வருகின்றன. அவற்றிற்கு அயல்மொழியில் வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் எழுத்துச் சுருக்கங்கள். கற்பவர்க்கு அவை ஒன்றும் உணர்த்துவதில்லை. தமிழோ தன் வேர்களைக் கொண்டே எப்பொருளுக்கும் பெயரிட வல்லது. பொருளின் தொழிலைப் பெயரே காட்டுமாயின் கற்பவரின் சுமை குறையும் என்னும் துணிவில், தொழில் நோக்கியே இங்குப் பெயரிட்டுச் செல்கிறேன். பிறர் இவற்றினும் சிறந்தன காண்பராயின் அவையே நிலைபெறுக.

மூளையின் அடித்தளத்தில், எடையில் ஏறத்தாழ 4 கிராமே உள்ள சிறு பகுதி ஒன்று உடல்வெப்பம், நீர்வேட்கை, உறக்கம், பசி ஆகியவற்றை ஆள்கிறது. ஐப்போதலாமசு எனப் பாடநூல்கள் குறிக்கும் இதனைக் கீழகம் என்போம். 1940-இல் அமெரிக்க ஆய்வாளர் எதரிங்டனும் இரான்சனும் எலிகளின் கீழகத்தில் குறித்த ஓர் இடத்தைச் சிதைத்தபோது, அவை அளவிறந்து கொழுத்தன. 1951-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இந்திய உடலியங்கியலாளர் பி. கே. ஆனந்தும் சான் பிரோபெக்கும் கீழகத்தின் பக்கப்பகுதியை இருபுறமும் சிதைத்தபோது, அதற்கு நேர்மாறான விளைவு கண்டனர்: எலிகளும் பூனைகளும் உண்பதை அறவே நிறுத்தின, முன்னே உணவு இருக்கவே பட்டினியால் மடிந்தன. உணவுக்கும் வாய்க்கும் இடையே ஒரு தடையும் இல்லாதபோதும் உயிர் உண்ணாது இறக்கக்கூடும் என்பதை அறிவியல் ஐயமற நிறுவியது அன்றுதான். பின்னாளில் புதுதில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் உடலியங்கியல் துறையை நிறுவிய பேரறிஞர் ஆனந்தின் பெயர் நம் பள்ளிப் பாடநூல்களில் இன்னும் பெரிதாக இடம்பெற வேண்டும் என்பது என் வேட்கை.

அன்றைய ஆய்வு ஓரிடத்தை முழுதும் அழித்துப் பார்க்கும் பருமுறை ஆய்வு. இன்று ஒரே வகை நரம்பணுவை மட்டும் தேர்ந்து ஒளியால் தூண்டவும் அடக்கவும் முடிகிறது. அவ்வழியில் கீழகத்தின் அடிப்புறத்தே வில்போல் வளைந்த நரம்பணுத் தொகுதி ஒன்றின் இயல்பு வெளிப்பட்டது. இவ்வில்முடிச்சில் எதிரெதிர்த் தொழிலுடைய இரு குழுக்கள் அடுத்தடுத்து வாழ்கின்றன. பசியெழுப்பும் குழுவைப் பசிநரம்பணுக்கள் என்றும், உண்டது போதும் என உணர்த்தும் குழுவை நிறைவுநரம்பணுக்கள் என்றும் பெயரிடுவோம். வயிறார உண்ட சுண்டெலியின் பசிநரம்பணுக்களை 2011-இல் ஒளியால் தூண்டியபோது, சில நிமையங்களுக்குள் அது மீண்டும் பேராவலோடு உண்ணத் தொடங்கியது. அதற்கு முன்னரே 2005-இல், வளர்ந்த சுண்டெலிகளில் அதே நரம்பணுக்களை மட்டும் அழித்தபோது அவை உண்ணாது நலிந்தன.

இவ்விரு குழுக்களும் உடலின் கையிருப்பைக் குருதியில் வரும் இயக்குநீர்களால் அறிகின்றன. கொழுப்புத் திசு தன் அளவுக்கு ஏற்ப வெளிவிடும் இலெப்டின் என்னும் இயக்குநீரை 1994-இல் செஃப்ரி பிரீட்மன் குழுவினர் கண்டறிந்தனர். இதனைக் கொழுப்பறிவிப்பி எனலாம். உணவின்றி வெறுமையான இரைப்பை வெளிவிடும் கிரெலினை 1999-இல் சப்பான் நாட்டு கோசிமாவும் கங்காவாவும் கண்டனர், இது பசியூக்கி. கொழுப்பு குறைந்தால் கொழுப்பறிவிப்பி குறையும். அப்போது நிறைவுநரம்பணுக்கள் அடங்கிப் பசிநரம்பணுக்கள் விழிக்கும். இரைப்பை வெறுமையானால் பசியூக்கி மிகும். அதுவும் பசிநரம்பணுக்களையே தூண்டும். வரவும் செலவும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும் இவ்வமைப்பால், நாள்தோறும் உண்ணும் அளவு கூடிக் குறைந்தாலும் ஆண்டுக்கணக்கில் நம் எடை பெரும்பாலும் ஓர் எல்லைக்குள் நிற்கிறது.

புற்றுநோயில் நிகழும் முரண் இங்கேதான் தலைகாட்டுகிறது. மெய்ந்நலிவுற்ற நோயாளரின் குருதியை அளந்து பார்த்தால், கொழுப்பறிவிப்பி தாழ்ந்திருக்கிறது; பசியூக்கி பலரிடம் உயர்ந்தே இருக்கிறது. கையிருப்பு கரைகிறது என்ற செய்தி பழுதின்றிக் கீழகத்தை அடைகிறது. நலமுள்ள ஒருவரிடம் இவ்வளவுகள் காணப்படுமாயின் அவர் பசியால் துடித்திருப்பார். நோயாளரோ இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை என்கிறார். ஆகவே பசிக்கான செய்தி வாராமை குறையன்று. வந்த செய்தியை மேலாணை ஒன்று அடக்குகிறது. அந்த மேலாணையை இடுவது அழற்சி.

புண்பட்ட இடத்தையும் நோய்நுண்ணுயிர் புகுந்த இடத்தையும் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் சூழ்ந்து, பகையை அழித்து, சிதைந்ததை அகற்றி, புதுக்குதற்கு வழி செய்யும் உடற்செயலே அழற்சி. சிவப்பு, வெப்பம், வீக்கம், வலி என்னும் நான்கு குறிகளை உரோமானிய அறிஞர் செல்சசு ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே பதிந்து வைத்தார். ஓரிடத்தே நிற்பது இடவழற்சி. குருதிவழிப் பரவி முழுவுடலையும் தன் ஆட்சிக்குக் கொணர்வது மெய்யழற்சி. புண் ஆறியதும் அழற்சி அடங்குவதே முறை. ஆனால் புற்றுக்கட்டி அடங்குவதில்லை. ஆரோல்டு துவோராக்கு 1986-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் புற்றுக்கட்டிகளை ஆறாப் புண்கள் என்றே குறித்தார். கட்டி வளரும் வரையில் நோயெதிர்ப்பு அணுக்கள் அதனைச் சூழ்ந்தே நிற்கும். அவை வெளிவிடும் செய்திப்புரதங்கள் குருதியில் ஓயாது கலந்துகொண்டேயிருக்கும்.

இதனை அளப்பதற்கு எளிய வழியும் உண்டு. மெய்யழற்சி மிகுங்கால் கல்லீரல் தன் வேலையை மாற்றிக்கொண்டு, சி-எதிர்வினைப் புரதத்தை மிகுதியாகவும் வெண்கருப்புரதத்தைக் குறைவாகவும் ஆக்குகிறது. முன்னது ஓர் இலிட்டர்க் குருதித்தெளிவில் 10 மில்லிகிராமுக்கு மேலும், பின்னது 35 கிராமுக்குக் கீழும் இருந்தால் நோயின் போக்கு கடியது எனக் கிளாசுகோ மருத்துவர்கள் வகுத்த மதிப்பீட்டு முறை கூறுகிறது. கட்டி எவ்வுறுப்பில் உள்ளது என்பதைச் சாராமலேயே இம்முறை பலவகைப் புற்றுநோய்களில் பொருந்திவருகிறது. எந்த ஆய்வகத்திலும் செய்யக்கூடிய இரண்டு குருதித்தேர்வுகள், உடலுக்குள் நிகழும் போரின் அளவைச் சொல்லிவிடுகின்றன.

பசியை அடக்கும் பொருள் குருதியில்தான் உலவுகிறது என்பதை 1985-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கண்கூடாகக் காட்டியது. இரண்டு எலிகளை விலாப்புறத்தே ஒட்டித் தைத்து, இரண்டின் குருதியும் சிறிதளவு கலக்கும்படி செய்தனர். ஒன்றில் மட்டும் புற்றுக்கட்டி பதியப்பெற்றது. கட்டி வளர வளர, கட்டியே இல்லாத மற்றோர் எலியும் உணவைக் குறைத்து நலியத் தொடங்கியது. அதன் உடலில் நோயணு எதுவும் இல்லை. இணையெலியின் குருதி கொணர்ந்த செய்தி மட்டுமே அதனை வீழ்த்தியது.

அதே ஆண்டில் அச்செய்திப்புரதங்களில் ஒன்றின் முகமும் தெரிந்தது. நியூயார்க்கின் இராக்கெபெல்லர் பல்கலைக்கழகத்தில் அந்தோனி செராமி, உறக்கநோய் உண்டாக்கும் ஒட்டுண்ணி புகுந்த விலங்குகள் ஏன் எலும்பும் தோலுமாகின்றன என ஆராய்ந்து, நலிவு விளைக்கும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுக்க முயன்றுகொண்டிருந்தார். அதே ஊரில் வேறோர் ஆய்வகத்தில் இலாயிடு ஓல்டும் அவர்தம் குழுவினரும் புற்றுக்கட்டியைக் கரைக்கும் புரதம் ஒன்றை 1975-இலேயே கண்டிருந்தனர். செராமியும் புரூசு பியூட்லரும் தம் புரதத்தைத் தூய்மை செய்து அமைப்பை ஒப்பிட்டபோது, இரண்டும் ஒன்றே என அறிந்து வியந்தனர். கட்டியைக் கரைக்க உடல் விடுக்கும் கட்டிகரைப்பியே உடலையும் கரைக்கிறது! அறிவியல் வரலாற்றில் இத்தகைய கூடல்கள் அரியன. எனினும் கட்டிகரைப்பியைத் தடுக்கும் மருந்துகளைப் பின்னர் நோயாளரிடம் ஆய்ந்தபோது மெய்ந்நலிவு நீங்கவில்லை. ஏனெனில் செய்திப்புரதம் ஒன்றன்று, பல. ஒரு வாயிலை அடைத்தால் அடுத்த வாயில் திறந்திருக்கிறது.

அவ்வாயில்கள் எவை? மூளையின் குருதிக்குழாய்களின் உட்சுவர் அணுக்கள் நெருக்கமாகப் பிணைந்து, பெரிய புரதங்கள் உட்புகாதவாறு காக்கின்றன. இது குருதிமூளை அரண். அழற்சிச் செய்தி இவ்வரணைப் பலவாறு கடக்கிறது. வயிற்றிலும் மார்பிலும் பரவிய அலைநரம்பின் நுனிகள் செய்திப்புரதங்களை உணர்ந்து நரம்புத் துடிப்பாக மூளைத்தண்டுக்கு உரைக்கின்றன. குழாய்ச்சுவரின் அணுக்களே புறத்தே செய்தியைப் பெற்று, அகத்தே புரோசுட்டாகிளாண்டின் என்னும் கொழுப்புவழிப் பொருளைச் சுரக்கின்றன. காய்ச்சலை எழுப்புவதும் இப்பொருளே என்பதால், காய்ச்சலும் பசியின்மையும் ஒருங்கே வருவதில் வியப்பில்லை. இவற்றினும் நேரானது மூன்றாம் வழி. முகுளத்தின் பின்புறத்தே அரண் தளர்ந்த சிறு திட்டு ஒன்றுண்டு. குருதியில் நஞ்சு கலந்தால் உடனே உணர்ந்து வாந்தியை எழுப்புவதற்கென்றே இயற்கை அங்கு அரணைத் தளர்த்தி வைத்திருக்கிறது. இதனைக் கடைப்புலம் என்போம். இன்டர்லூக்கின்-6 எனப்படும் வெள்ளணுவிடைப் புரதம் இவ்வழியேதான் மூளையைத் தொடுகிறது என்பதைக் கோல்டு இசுபிரிங் ஆர்பர் ஆய்வகத்தார் 2024-இல் வெளியிட்டனர். புற்றுநோய் கொண்ட சுண்டெலிகளின் கடைப்புல நரம்பணுக்களில் அப்புரதத்தின் செய்தியை வாங்கும் ஏற்பியைக் குறைத்தபோது, நலிவு தணிந்தது. அவை கூடுதல் நாள் வாழவும் செய்தன.

கடைப்புலத்துக்கு வரும் மற்றொரு செய்தி, இத்துறையின் போக்கையே மாற்றியது. ஆத்திரேலியாவின் சிட்னியில் சாமுவேல் பிரெயிட் குழுவினர் 1997-இல் ஒரு புரதத்தை இனங்கண்டனர். இன்று அது வளர்மாற்றப் புரதம் 15 என்று வழங்குகிறது. நோயெதிர்ப்பு அணுக்கள் மட்டுமன்றி, துன்புறும் எந்த உயிரணுவும் இதனை வெளிவிடும்: கட்டியின் அணு, வேதிமருந்தால் புண்பட்ட அணு, கருவுற்ற தாயின் நச்சுக்கொடியணு எல்லாம். 2007-இல் அதே குழுவினர், இப்புரதத்தை மிகுதியாகச் சுரக்கும் கட்டியுடைய சுண்டெலிகள் உண்ணாது மெலிவதையும், இதனைப் பிணிக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்தியபின் எடை மீள்வதையும் காட்டினர். அதற்குப் பின் பத்தாண்டுக் காலம் ஒரு வினா விடையின்றி நின்றது: இச்செய்தியை வாங்கும் ஏற்பி எங்கே? 2017-இல் நான்கு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே ஒரே விடையைக் கண்டன. உடலெங்கும் தேடப்பட்ட அவ்வேற்பி, கடைப்புலத்திலும் அதனையடுத்த நரம்புமுடிச்சிலும் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவில் இருந்தது. உடலின் எம்மூலையில் எவ்வணு துன்புற்றாலும், அதன் முறையீடு சென்று சேரும் இடம் பின்மூளையின் அச்சிறு திட்டே. கருவுற்ற மகளிரைப் படுக்கையில் வீழ்த்தும் கடுவாந்திக்கும் இப்புரதமே முதன்மை ஏது என 2023-இல் தெளிவானது. தாய்மையின் குமட்டலும் புற்றுநோயின் பசியின்மையும் ஒரே நரம்புவழியில் நடக்கின்றன என்பது, உடலின் ஒழுங்கை அறிந்தோர்க்கு எண்ணுந்தோறும் வியப்பூட்டுவது.

கடைப்புலத்திலிருந்து செய்தி மேலேறி, மூளைப்பாலத்தின் அருகுமுடிச்சை அடைகிறது. அங்குள்ள ஒருவகை நரம்பணுக்கள் உடலின் ஊறறிவிப்பிகள்: வலி, குமட்டல், நோய்த்துயர் யாவும் அவற்றை எழுப்பும், எழுந்தால் உண்ணல் நிற்கும். வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் இரிச்சர்டு பால்மிட்டர் குழுவினர், நுரையீரல் புற்று பதித்த சுண்டெலிகளில் இவ்வொரு வகை நரம்பணுக்களை மட்டும் செயலறச் செய்து 2017-இல் வெளியிட்ட முடிவு கருதத்தக்கது. கட்டி அங்கேயே இருந்தது. செய்திப்புரதங்களும் குருதியில் ஓடின. ஆயினும் சுண்டெலிகள் உண்டன. இங்கே முன்சொன்ன முரண் முழுதும் அவிழ்கிறது. நலமுள்ள உடலில் பசிநரம்பணுக்கள் இவ்வருகுமுடிச்சை அடக்கி வைத்திருக்கும். பசித்தவன் சிறு வலியைப் பொருட்படுத்தாது உண்பது அதனால்தான். புற்றுநோயில் கீழிருந்து ஏறும் துயர்ச்செய்தி மிகப் பெரிதாதலால், கீழகத்தின் அடக்குமுறை அதன்முன் தோற்கிறது. பசிநரம்பணுக்கள் கூவுகின்றன, அவற்றின் குரல் எடுபடுவதில்லை.

உடல் தனக்கே தீங்காக இத்தகைய அமைப்பை ஏன் பெற்றது? காய்ச்சலில் உணவு வேண்டாமை பல விலங்குகளில் காணும் பொதுப்பண்பு. அதற்குப் பயன் இருத்தல் வேண்டும். இலிசுட்டீரியா என்னும் நுண்ணுயிர் தொற்றிய சுண்டெலிகளுக்கு வலிந்து உணவூட்டினால் அவை மிகுதியாக இறக்கின்றன என்பது 1979-இலேயே அறியப்பட்டது. 2016-இல் யேல் பல்கலைக்கழகத்தில் உருசுலான் மெட்சிட்டோவ் குழுவினர் அதனை மேலும் நுணுகி ஆராய்ந்தனர். அந்நுண்ணுயிர்த் தொற்றில் உணவின் சருக்கரைக்கூறே உயிர்க்குத் தீங்காயிற்று. ஆனால் சளிக்காய்ச்சல் நச்சுயிரி தொற்றியபோது அதே உணவூட்டம் உயிரைக் காத்தது. எனவே பசியடக்கம் சில பகைவர்க்கு எதிராக, சில நாள்களுக்கு மட்டும், உடல் கைக்கொள்ளும் போர்முறை. ஐந்தாறு நாளில் முடியும் காய்ச்சலுக்கென வகுத்த ஆணை, ஆண்டுக்கணக்கில் நிற்கும் கட்டிக்கும் இடப்படுவதே புற்றுநோயில் நேரும் கேடு. மூளை பிழைபடவில்லை; தனக்குத் தெரிந்த ஒரே விடையை முடிவில்லாத வினாவுக்கு ஓயாது தந்துகொண்டிருக்கிறது.

பசியோடு வேறொன்றும் அடங்குகிறது. புற்றுநோய்ப் பிரிவின் பொதுக்கூடத்தில் பகலுணவு வேளையில் நின்று பார்த்தவர் அறிவர். வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் கொணர்ந்த கஞ்சியை மனைவி கிண்ணத்தில் ஊற்றுகிறார். உடன் வைத்த துவையலின் தாளிப்பு மணம் எழுந்ததும் நோயாளர் சுவர்ப்பக்கம் திரும்புகிறார். அவர்க்குப் பிடித்ததென்றே விடியலில் எழுந்து அரைத்த துவையல் அது. "ஒரு வாய் மட்டுங்க" என்ற குரலுக்கு இசைந்து இரண்டு கரண்டி விழுங்கி, "போதும்மா, உள்ளே போகல" என்று கையை உயர்த்துகிறார். சற்று நேரத்தில் பேரன் வந்து கூப்பிட்டாலும் எழுந்து அமர விருப்பமில்லை. இதனைச் சோர்வு என்பர். உள்ளம் உடைந்துவிட்டது என்பர். பிடிவாதம் என்றும் சொல்வர். 2025-இல் வெளியான சுண்டெலி ஆய்வு ஒன்று இதற்கும் நரம்புவழி உண்டெனக் காட்டியது. கடைப்புலம் உணர்ந்த வெள்ளணுவிடைப் புரதம் 6-இன் செய்தி, மூளைத்தண்டின் வழியே ஏறி, முயற்சிக்கு ஊக்கம் தரும் தோப்பமின் சுரப்பைக் குறைக்கிறது. அதனால் பயன் கிட்டும் என்றறிந்தும் விலங்கு முயல்வதில்லை. அப்புரதத்தை உணரும் நரம்பணுக்களைத் தடுத்தபோது, கட்டி இருக்கவே ஊக்கம் மீண்டது. உண்ணும் விருப்பமும் வாழும் முனைப்பும் ஒரே அழற்சியால் ஒருங்கே அடங்குகின்றன என்றால், அந்நோயாளரிடம் உறுதியில்லை என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

இதிலிருந்து வீட்டார்க்குச் சில தெளிவுகள் கிடைக்கின்றன. வற்புறுத்தி ஊட்டுவதால் அருகுமுடிச்சின் ஆணை மாறாது. குமட்டலோடு பிணைந்த உணவை மூளை மேலும் வெறுக்கவே கற்கும். சிறு அளவாய்ப் பலமுறை, நோயாளர் கேட்ட வேளையில் கேட்டதை, மணம் மிகாதவாறு ஆறவைத்துக் கொடுப்பதே ஏற்றது. குழாய்வழியும் குருதிவழியும் உணவைச் செலுத்துதலை எல்லார்க்கும் வழக்கமாகச் செய்தல் வேண்டா என மருத்துவ நெறிகள் கூறுவதும் இதனாலேயே. தொண்டையோ குடலோ அடைபட்டு, பசியிருந்தும் உண்ண இயலாதவர்க்கு அது வேறு. வாய்ப்புண், மலச்சிக்கல், வலி, கீமோ என்று மக்கள் வழங்கும் வேதிமருந்துப் பண்டுவத்தால் சுவை திரிதல் ஆகியவை அழற்சியோடு சேர்ந்து பசியைக் கெடுக்கும் துணைக்கேடுகள்; அவை தீர்க்கக்கூடியவை என்பதால் மருத்துவரிடம் ஒளியாது சொல்லுதல் வேண்டும்.

மருந்துகளின் வரலாறு, இதுவரை கண்ட நரம்புவழிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப்பார்த்த வரலாறு. மெகசுட்ரால் என்னும் இயக்குநீர்வகை மருந்து பசியைக் கூட்டும். ஆயின் ஏறும் எடை பெரும்பாலும் கொழுப்பும் நீருமே, குருதி உறையும் இடரும் உண்டு. தெக்சாமெதசோன் அழற்சியைத் தணித்துச் சில கிழமை பசி தரும். நீண்டால் தசையையே அரிக்கும். பசியூக்கியின் ஏற்பியைத் தூண்டும் அனமோரலினைச் சப்பான் 2021-இல் ஏற்றது, ஐரோப்பா அதற்கு முன்னரே மறுத்தது. தசையளவு கூடியும் கைப்பிடியின் வலிமை கூடவில்லை என்பதே தயக்கத்தின் ஏது. பசியூக்கி ஏற்கெனவே உயர்ந்திருக்கும் உடலில் அவ்வழியையே மேலும் தூண்டுவதன் எல்லை இது எனக் கருதுகிறேன்.

மேலாணையையே தடுக்கும் முயற்சி அண்மையது. வளர்மாற்றப் புரதம் 15-ஐப் பிணிக்கும் பொன்செகுரோமாப் என்னும் எதிர்ப்பொருளை, அப்புரதம் குருதியில் உயர்ந்திருந்த 187 நோயாளரிடம் ஆய்ந்த முடிவு 2024 செப்டம்பரில் வெளிவந்தது. நுரையீரல், கணையம், பெருங்குடல் புற்றுநோயால் மெய்ந்நலிவுற்றோர் அவர்கள். 12 கிழமை முடிவில், வெற்றுமருந்து பெற்றோரோடு ஒப்பிட, 100 மில்லிகிராம் பெற்றோர் 1.22 கிலோவும், 200 பெற்றோர் 1.92 கிலோவும், 400 பெற்றோர் 2.81 கிலோவும் எடை கூடுதலாகப் பெற்றனர். அளவு ஏற ஏற விளைவும் ஏறியிருப்பது, தொட்ட இடம் சரியான இடமே என்பதற்கு நற்சான்று. மிகுந்த அளவு பெற்றோரிடம் பசியும் உடலியக்கமும்கூட மேம்பட்டன. உடலெங்கும் பரவிய நோய்க்கு, பின்மூளையின் ஒரு திட்டுக்குச் செல்லும் ஒரு செய்தியைத் தடுத்தே இவ்வளவு பெற முடிந்தது.

விலை மிகுந்த எதிர்ப்பொருள் நம் ஊர் மருத்துவமனைகளை எட்டும் முன்பே, எளிய வழி ஒன்றைக் காட்டியவர்கள் நம் அண்டையிலேயே உள்ளனர். புதுச்சேரியில் சிப்மர் என்று மக்கள் வழங்கும் சவகர்லால் முதுநிலை மருத்துவக் கல்வி ஆய்வு நிறுவனத்தார், உளநோய்க்கும் வாந்திக்கும் நெடுநாளாக வழங்கிவரும் ஓலன்சபின் என்னும் மலிவான மருந்தை எடுத்துக்கொண்டனர். தோப்பமின், செரோட்டோனின் முதலிய பல ஏற்பிகளை ஒருசேரத் தடுக்கும் இம்மருந்து, உளநோயாளரிடம் எடையைக் கூட்டுவது முன்பே அறிந்த பக்கவிளைவு, அவ்விளைவையே பயனாக்கினர். இரைப்பை, கல்லீரல்-கணைய-பித்தவழி, நுரையீரல் புற்றுநோய் முற்றி வேதிமருந்து தொடங்கிய 124 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூறினர்க்கு நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம் மட்டும் 12 கிழமை தந்தனர். மருந்து பெற்றோரில் 60 விழுக்காட்டினர் 5 விழுக்காட்டுக்கு மேல் எடை ஏறினர். வெற்றுமருந்து பெற்றோரில் அவ்வாறு ஏறினோர் 9 விழுக்காட்டினரே. பசி மேம்பட்டோர் முறையே 43, 13 விழுக்காட்டினர். இவ்வாய்வு 2023-இல் வெளிவர, அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் கழகம் அவ்வாண்டே தன் மெய்ந்நலிவு நெறியைத் திருத்தி, குறைந்த அளவு ஓலன்சபினைப் பசியும் எடையும் மீட்கப் பரிந்துரைத்தது. உறக்கம் வருவிக்கும் மருந்தாதலின் இரவில் கொடுப்பதே பெருவழக்கு. எடையும் பசியும் குறைந்துவரும் நோயாளரின் வீட்டார், அடுத்தமுறை புற்றுநோய் மருத்துவரைக் காணும்போது, சி-எதிர்வினைப் புரதத்தின் அளவையும் இம்மருந்து தம் நோயாளர்க்குப் பொருந்துமா என்பதையும் தயங்காது கேட்கலாம்.